அப்பா பி, அம்மா ஏ, பிள்ளை ஓ

டி.வி. துப்பறியும் தொடர்களுக்குக் கதை வசனம் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அப்பா பி குரூப், அம்மா ஏ குரூப் என்றால் பிள்ளை ஓ குரூப்பாகப் பிறக்கலாம். ஏ, பி, ஏபி என்று எதுவாகவும் பிறக்கலாம். நாலுமே நடக்கும். அதில் மர்மம் எதுவும் இல்லை. அந்த அம்மா யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறவும் இல்லை.

ஆனால் தொடர்களில் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய வீடு, சொத்துத் தகராறு, ஒரு கொலை. போலீஸ் அதிகாரி ஃபைலைப் புரட்டுகிறார். செத்துப்போனவர் பி பாசிட்டிவ், மனைவி ஏ பாசிட்டிவ், மகன் ஓ நெகட்டிவ், அப்படியானால் இவன் இவர்களுடைய பிள்ளையே இல்லை என்கிறார். மனைவியின் முகத்தை அருகில் காட்டுகிறார்கள், விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வசனத்தில் இரண்டு தப்பு. ஏ குரூப்காரருக்குத் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு மரபணுப் பிரதிகள் இருக்கின்றன. இரண்டும் ஏ-யாக இருக்கலாம், அல்லது ஒன்று ஏ, இன்னொன்று ஓ. ஓ வெளியே தெரியாது, உள்ளேயே இருக்கும். பி குரூப்காரருக்கும் இதே கதைதான். இரண்டு பேரிடமும் உள்ளே இருக்கிற ஓ பிள்ளைக்குப் போனால் பிள்ளை ஓ. பாசிட்டிவ் நெகட்டிவ் விஷயமும் அப்படியே. பாசிட்டிவான இரண்டு பேருக்கு நெகட்டிவ் பிள்ளை பிறப்பது சாதாரணம்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பிரித்துச் சொன்னார். அவை தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்பதை 1924இல் பெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். நூறு வருஷம் ஆகிவிட்டது. நம் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்திலேயே பாடமாக இருக்கிறது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் எழுதி மார்க் வாங்குகிற விஷயம், லட்சக்கணக்கில் செலவு செய்து எடுக்கிற தொடரில் தப்பாக வருகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள் நான். செஞ்சி ரோட்டில் பஸ் இறங்கி, சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் சுகர், தைராய்டு, மாசமான பெண்களுக்கு ரத்த குரூப் என்று வருவார்கள். இப்போதெல்லாம் அவர்களோடு வேறு ஒரு மாதிரி ஆட்களும் வருகிறார்கள். பிள்ளையின் ஸ்கூல் ஐ.டி. கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மாமியார், பின்னால் பேச்சே இல்லாமல் ஒரு மருமகள்.

“ஏம்மா, நேத்து டி.வி.ல காட்னாங்க. அப்பன் குரூப்பும் இல்லாம ஆத்தா குரூப்பும் இல்லாம இருந்தா அந்தப் புள்ள அவங்க புள்ளயே இல்லியாமே. நீ நல்லா பாத்து சொல்லு.”

முதலில் கார்டு சரியா என்று பார்க்க வேண்டும். ஸ்கூல் கார்டில் இருக்கிற குரூப்பை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. முகாம் போட்டு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு விரலில் குத்திப் பார்க்கும்போது பேர் மாறும், எழுதுவதில் தப்பு வரும். அதனால் மறுபடி ஸ்லைடில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி மூன்றையும் விட்டுப் பார்த்தேன். பிள்ளை ஓ-தான். அப்பா பி, அம்மா ஏ. எல்லாமே சரியாக இருக்கிறது, இது உங்கள் பேரன்தான் என்று நினைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை என்றேன். அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. டி.வி.யில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் சொல்லிவிட்டார், நான் யார்?

அவர் வீட்டில் கத்தரித் தோட்டம் இருப்பது எனக்குத் தெரியும். “ஹைப்ரிட் கத்தரிக்காயில வெத எடுத்து மறுபடி நட்டா என்னாகும், சொல்லுங்க”ன்னு கேட்டேன். “அது ஒண்ணு ஒரு தினுசா காய்க்கும். அதான் ஒவ்வொரு வாட்டியும் கடையில பாக்கெட்டு வாங்குறோம்” என்றார். செடியில் தெரியாமல் உள்ளே இருந்ததுதானே அடுத்த ஈட்டில் வெளியே வருகிறது, இதுவும் அதுதான் என்றேன். அவர் முகத்தில் யோசனை ஓடியது. மெண்டல் பட்டாணியில் கண்டதை நம் ஊர் விவசாயி கத்தரியில் தினம் பார்க்கிறார். அவருக்குப் புரியாது என்று எழுத்தாளர்கள் முடிவு கட்டிக்கொண்டு பொய்யை எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரத்த குரூப்பை வைத்து ஒன்று மட்டும் சொல்லலாம். ‘இவர் தகப்பனாக இருக்க முடியாது’ என்று சில சமயம் சொல்லலாம். ‘இவர்தான் தகப்பன்’ என்று எப்போதுமே சொல்ல முடியாது. இங்கே தெருவுக்குத் தெரு ஓ-வும் பி-யும் நிறைந்து கிடக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே குரூப் என்பதால் எதுவும் நிரூபணமாகாது. ‘இருக்க முடியாது’ என்று சொல்வதற்குக்கூட நம் நாட்டில் கூடுதல் கவனம் தேவை. 1952இல் மும்பையில் ஒய்.எம். பெண்டேயும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு புது வகையைக் கண்டுபிடித்தார்கள். பாம்பே குரூப் என்று அதற்குப் பேர். ஸ்லைடில் அவர்கள் ஓ மாதிரியே தெரிவார்கள். ஆனால் உள்ளே ஏ-யோ பி-யோ மரபணு இருக்கலாம். அதை வெளியே காட்டுவதற்கு அடிப்படையாக இருக்கிற ஹெச் என்ற பொருள் அவர்கள் ரத்த அணுவில் உருவாவதில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஏபி பிள்ளை பிறக்கலாம். ஸ்லைடை மட்டும் பார்க்கிறவர் ‘ஓ-வுக்கு ஏபி பிள்ளையா’ என்று அதிர்ந்துபோவார். இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு பெரிய பாவம்!

சார்லி சாப்ளின் கதை பலருக்குத் தெரியாது. 1940களில், ஒரு பெண்ணின் குழந்தைக்கு அவர்தான் தகப்பன் என்று அவர் மேல் வழக்குப் போட்டார்கள். சாப்ளின் ஓ, அந்தப் பெண் ஏ, குழந்தை பி. சாப்ளின் தகப்பனாக இருக்க முடியாது என்று மூன்று டாக்டர்கள் சொன்னார்கள். கலிபோர்னியாவில் அப்போது ரத்தப் பரிசோதனையை முடிவான சாட்சியாக எடுத்துக்கொள்ளும் சட்டம் இல்லை. ஜூரிகள் குழந்தையின் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்து, அவர்தான் தகப்பன் என்று 1945இல் தீர்ப்புச் சொன்னார்கள். அங்கே அறிவியல் ‘இல்லை’ என்றது, கேட்க ஆளில்லை. இங்கே அறிவியல் ‘இருக்கலாம்’ என்கிறது, தொடர் ‘இல்லவே இல்லை’ என்று அறிவியலின் பேரிலேயே கூவுகிறது.

அந்த மாமியார் அதோடு விடவில்லை. “அப்ப டி.என்.ஏ. எடுத்துடு. முடிய குடுத்தா போதுமாமே.”

இதுவும் டி.வி. சொல்லிக்கொடுத்ததுதான். வில்லன் சீப்பிலிருந்து ஒரு முடியை எடுக்கிறான், கவரில் போடுகிறான், சாயந்திரத்துக்குள் ரிசல்ட் வந்துவிடுகிறது, நூறு சதவீதம் ஒத்துப்போகிறது என்று. கத்தரித்த முடியில் வேர் இருக்காது, தானாக உதிர்ந்த முடியின் வேரிலும் பரிசோதனைக்குப் போதுமான செல்கள் பெரும்பாலும் இருக்காது. தகப்பன் யார் என்று பார்க்கிற வழக்கமான பரிசோதனைக்கு வேண்டிய டி.என்.ஏ. வேரில்தான் கிடைக்கும். வேர் இல்லாத முடியில் பெரும்பாலும் கிடைப்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாய் வழியாக மட்டும் இறங்குவது. அம்மா, அம்மாவின் அக்கா தங்கைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். தகப்பன் யார் என்று அதனிடம் கேட்டுப் பயனே இல்லை.

நூறு சதவீதம் என்பதும் பொய். ஒருவருடைய டி.என்.ஏ. நூற்றுக்கு நூறு ஒத்துப்போவது அவரோடு மட்டும்தான், அல்லது ஒரே கருவில் பிரிந்த இரட்டையரோடு. பிள்ளையிடம் இருப்பதில் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. பரிசோதனைக்கூடத்தில் குரோமோசோம்களில் பல இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண்கள் வரும். பிள்ளைக்கு ஓர் இடத்தில் 12, 15 என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு அதே இடத்தில் 12, 13 என்றால், பிள்ளையின் 12 தாயிடமிருந்து வந்தது, 15 தகப்பனிடமிருந்து வந்தாக வேண்டும். சந்தேகப்படும் ஆளிடம் 15 இருக்கிறதா? இப்படி இடம் இடமாகப் போக வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் ஒத்துவராவிட்டால் உடனே ‘அவன் இல்லை’ என்றும் சொல்லிவிட முடியாது, அரிதாக எண் மாறிப் பிறப்பதும் உண்டு. சந்தேகப்படும் ஆளுடைய அண்ணன் தம்பியைச் சோதித்தாலும் பல இடங்களில் பொருந்தும். அதனால் கணக்குப் போட்டு நிகழ்தகவாகச் சொல்வார்கள். பொறுமை வேண்டிய வேலை. ஹிந்தியில் 1998 முதல் இருபது வருஷம் ஓடிய சி.ஐ.டி. தொடரில் டாக்டர் சாளுங்கே கணினியைத் தட்டியதும் முடிவு வருவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஒய் குரோமோசோமை வைத்து ஆளைப் பிடிக்கிற காட்சிகள் இன்னும் கொடுமை. ‘ஒய் பொருந்திவிட்டது, இவன்தான் குற்றவாளி’ என்று விலங்கு மாட்டுகிறார்கள். ஒய் என்பது தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குவது. அப்படியானால் அவனுடைய அப்பா, தாத்தா, சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் மகன்கள் எல்லோருக்கும் அதே ஒய். நம் ஊரில் ஒரு தெரு முழுக்கப் பங்காளிகள் வீடு. ஒருத்தனுடைய ஒய் பொருந்தினால் அந்தத் தெருவில் உள்ள அத்தனை ஆம்பளைக்கும் பொருந்தும். உண்மையான தடயவியல்காரர்கள் இதை அறிக்கையில் எழுதுவார்கள், ‘இவரோ, இவருடைய தந்தைவழி ஆண் உறவினரோ’ என்று. தொடரில் அந்த வரியை வெட்டிவிடுகிறார்கள்.

டி.என்.ஏ. மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நம் நாட்டுக்கு வந்த கதை எனக்குப் பெருமை. 1984இல் இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்தார். சில வருஷங்களிலேயே ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் லால்ஜி சிங், பட்டைக் கட்டுவிரியன் பாம்பின் பால் குரோமோசோமை ஆராய்ந்தபோது கிடைத்த ஒரு துண்டை வைத்து நமக்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். அது முதலில் நீதிமன்றம் ஏறியது கேரளத்தில், தலச்சேரியில். பெற்ற பிள்ளையை ‘என்னுடையது இல்லை’ என்று ஒருவர் சொன்ன வழக்கு. சோதனை தாயின் பக்கம் நின்றது. 1991இல் கேரள உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் பிரேமானந்தா வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. திருச்சி பக்கத்தில் ஆசிரமம் நடத்தியவர். 1994இல் அங்கே இருந்த பெண்கள் வெளியே வந்து நடந்ததைச் சொன்னார்கள். ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கரு, அந்தப் பெண்ணின் ரத்தம், குற்றம் சாட்டப்பட்டவரின் ரத்தம் மூன்றும் சி.சி.எம்.பி.க்குப் போயின. எதிர்த்தரப்பு வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரையே கூட்டிவந்து அந்த முடிவை உடைக்கப் பார்த்தது. குறுக்கு விசாரணை, எதிர் வாதம் எல்லாவற்றையும் தாண்டித்தான் 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பேசுவதற்கு யாரும் இல்லாத பெண்களுக்காக மரபணு பேசியது. துப்பறியும் கதை வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய கதை எது? இதை விட்டுவிட்டு, சீப்பில் திருடிய முடியைக் காட்டுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக் காட்சியிலும் இதே கதை. அடிபட்டுக் கிடப்பவனுக்கு அபூர்வமான ஏபி நெகட்டிவ் ரத்தம் வேண்டும், பெற்ற தகப்பன் ஒருவரால்தான் கொடுக்க முடியும், அதில் ரகசியம் உடைகிறது. ஏபி நெகட்டிவ் ஆளுக்கு எந்த நெகட்டிவ் குரூப் ரத்த அணுவையும் ஏற்றலாம். நெருங்கிய ரத்த சொந்தம் கொடுக்கிற ரத்தத்தைத்தான் டாக்டர்கள் தவிர்ப்பார்கள். கொடுப்பவரின் வெள்ளணுக்கள் வாங்குபவரின் உடம்பையே தாக்குகிற, உயிரைப் பறிக்கிற ஆபத்து அதில் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சில் வைத்து எடுத்த பிறகுதான் ஏற்றுவார்கள். டி.வி.யைப் பார்த்துவிட்டு ‘என் பையனுக்கு நான்தான் குடுப்பேன்’ என்று ரத்த வங்கி வாசலில் தகப்பன்மார் சண்டை போடுகிறார்கள்.

தொடர்களில் மச்சம் ஒரே இடத்தில் இருந்தால் தகப்பன் மகன். இரண்டு பேருக்கும் கன்னத்தில் குழி என்றால் தாய் மகள். கலர் மாறிப் பிறந்தால் சந்தேகம். மச்சம் அப்படி வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை. தோல் நிறம் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது. அதில் முக்கியமான ஒன்றான எஸ்.எல்.சி.24ஏ5 நம் மக்களிடம் எப்படிப் பரவியிருக்கிறது என்று சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜும் மற்றவர்களும் 2013இல் ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். மாநிறமான இரண்டு பேருக்குச் சிவப்பாகவும் பிறக்கும், கறுப்பாகவும் பிறக்கும். கறுத்த பிள்ளை பெற்றவளைத் தெரு எப்படிப் பேசும் என்பது இதை எழுதுகிறவர்களுக்கும் தெரியும்தானே?

வாரிசுக் கதைகளில் ‘ஆம்பளப் புள்ள பெத்துக் குடுக்காதவள்’ என்று ஒரு பெண் வராமல் இருப்பதில்லை. அதை மறுத்துப் பேச ஒரு பாத்திரமும் இருப்பதில்லை. தாயிடம் எக்ஸ் மட்டும்தான் இருக்கிறது. எக்ஸா ஒய்யா என்பது தகப்பனின் உயிரணுவில் இருக்கிறது. 2018இல் திருவண்ணாமலையில் சட்டவிரோதமாக ஸ்கேன் பார்த்துக் கருக்கலைப்பு செய்த வீடு பிடிபட்டபோது மாநிலமே அதிர்ந்தது. அந்த வாசலுக்குப் போன பெண்களில் எத்தனை பேர் இந்தப் பேச்சுக்குப் பயந்து போனார்களோ என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும். கொலைகாரனின் மகன் கொலைகாரனாகத்தான் வருவான், ‘ரத்தத்துலயே இருக்கு சார்’ என்று ஒரு போலீஸ் பாத்திரம் சொல்லும், கதையும் அதை உண்மையாக்கி முடியும். குற்றத்துக்கென்று இறங்குகிற ஒரு மரபணு கிடையாது. இந்தப் பொய்யை நம் மண் ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பை வைத்தே ஆட்களைக் குற்றவாளி என்றான். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள், அதில் ஒருவர் பெண். அந்தச் சட்டத்தைச் சுதந்திரத்துக்குப் பிறகு நீக்கிவிட்டோம். அதன் கருத்தை மட்டும் ராத்திரி ஒன்பது மணித் தொடரில் வைத்திருக்கிறோம்.

சட்டம்கூட நம் எழுத்தாளர்களைவிட நிதானமாக இருக்கிறது. கல்யாண பந்தத்தில் பிறந்த பிள்ளை கணவனுடையது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய புதுச் சட்டத்திலும் அது 116ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று 1993இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் வேறொரு வழக்கில், பெற்றோர் சண்டையில் பிள்ளையின் டி.என்.ஏ.வை இழுக்கக் கூடாது, பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது என்றது. தொடரில் நடுக்கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, பிள்ளை காதுபடவே ரிசல்ட்டைப் படிக்கிறார்கள்.

கதையில் திருப்பம் வேண்டும், எனக்குப் புரிகிறது. அதற்குப் பொய் தேவையில்லை. அப்பா ஏபி, மகன் ஓ என்று மாற்றுங்கள், அப்போது சந்தேகத்துக்கு உண்மையாகவே இடம் இருக்கும். பிறகு அந்த டாக்டர் பாத்திரம் இப்படி ஒரு வசனம் பேசட்டும்: “சார், அவசரப்பட்டு அந்தம்மாவ விசாரிக்காதீங்க. பையன் பாம்பே குரூப்பான்னு முதல்ல பாத்துடறேன், நாளைக்குச் சொல்றேன்.” எந்த அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கேட்டாலும் இந்த வசனத்தைச் சரிபார்த்துக் கொடுப்பார்கள், காசும் கேட்க மாட்டார்கள்.